கடலில்லாத ஊரில் கடல் படங்கள்: வேலூர் விடுதி ஒன்றின் சுவர்கள்

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்கு திரும்பினாலும் தங்கும் விடுதிதான். பெயர்ப்பலகையில் தமிழோடு வங்காளமும் இந்தியும் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். சமைத்துச் சாப்பிடப் பொது அடுப்படி இருக்கும். காலையில் ஓ.பி. சீட்டோடு கிளம்பி, மாலையில் ரிப்போர்ட்டோடு திரும்புவார்கள். நடுவில் இருப்பதெல்லாம் காத்திருப்புதான்.

அப்படியொரு மூன்று மாடி விடுதியில் சுவருக்குக் கடல் படங்கள் வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். படத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டிக் கொடுப்பது என் தொழில். கடற்கரையில் படம் எடுப்பதும் நான்தான். வேலை முடிந்த பிறகு, எந்தப் படம் எந்தச் சுவரில் ஏன் நின்றது, எது கழற்றப்பட்டது என்பதை எழுதிவைப்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்கும் வீட்டில் மாட்ட நினைப்பவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் அங்கே இருந்தவை

அந்த விடுதியில் ஏற்கெனவே கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. வேறொரு இடத்தில் கான்வாஸில் அடித்து வாங்கியவை. இணையத்திலிருந்து இறக்கிய ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரை. பாறை, பனிமூட்டம், மரப்பாலம். இரண்டு கோடை தாண்டியதில் கான்வாஸ் நடுவில் தொய்ந்திருந்தது. அதைவிடப் பெரிய குறை நிறத்தில். கறுப்பு வெள்ளை என்று சொல்லி மாட்டியிருந்தார்கள், ஆனால் சாம்பல் வரவேண்டிய இடமெல்லாம் லேசாக ஊதா அடித்தது. நடைவழியில் எல்.இ.டி. டியூப் வெளிச்சத்தில் அதே படம் பச்சையாகத் தெரிந்தது.

காரணம் எளிது. சாதாரண நான்கு மை பிரிண்டரில் சாம்பல் நிறம் பெரும்பாலும் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் கலந்து வருவது. கலவையில் ஏதாவது ஒன்று கொஞ்சம் தூக்கினாலும் கண்ணுக்குத் தெரியும். வண்ணப் படத்தில் இந்தப் பிசகு மறைந்துபோகும். கறுப்பு வெள்ளையில் மறைய இடமே இல்லை. கறுப்போடு சாம்பல் மைகளும் தனித்தனியாக உள்ள பிக்மென்ட் பிரிண்டரில் எடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: பிரிண்டரில் சாம்பல் மை தனியாக இருக்கிறதா? இல்லை என்றால் வண்ணப் படமே வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சகத்திலோ கடையிலோ உட்கார்ந்து நிறம் சரிபார்ப்பதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. சின்ன சோதனைப் பிரதிகளைக் கையோடு கொண்டுபோய், எந்தச் சுவரில் மாட்டப் போகிறோமோ அதே சுவரில், அதே டியூப் வெளிச்சத்தில், பகலிலும் இரவிலும் ஒட்டிப் பார்த்தோம். விடுதிச் சுவர் க்ரீம் நிற டிஸ்டம்பர். பளிச்சென்ற வெள்ளைக் காகிதம் அந்தச் சுவரில் நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். நாளாக நாளாக அது வலுவிழந்து காகிதம் மஞ்சளிக்கும். அதனால் அந்த ரசாயனம் சேர்க்காத, இயல்பாகவே கொஞ்சம் பழுப்பு கலந்த வெண்மை உள்ள பருத்திக் காகிதத்தை எடுத்தோம்.

ஆயாவின் ஆட்சேபம்

உரிமையாளரின் தாயார் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் முதல் ரூம் பாய் வரை எல்லாருக்கும் அவர் ஆயா. சோதனைப் பிரதிகளைப் பார்த்ததும் அவர் கேட்டது இது: “கருப்பு வெள்ளையில மாட்டிகினா வூடே துக்க வூடு மாதிரி இருக்காதா நைனா? நோயாளிங்க வர்ற எடம் வேற.”

இதைப் பெரியவர்களின் பழைய நினைப்பு என்று தள்ளிவிட முடியாது. நம் வீடுகளில் சுவரில் ஏறிய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பெரும்பாலும் தவறிப்போன தாத்தா பாட்டியின் படம்தான். மாலை, சந்தனப் பொட்டு, மேலே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த கண் கறுப்பு வெள்ளையைப் பார்த்ததும் அங்கேதான் போகும். ஆயா சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் ஒரு படத்தை அஞ்சலிப் படமாக ஆக்குவது நிறம் மட்டுமில்லை. அது நெட்டுவாக்கில் இருக்கும். சட்டம் மெலிதாக, கறுப்பாக இருக்கும். லிண்டல் உயரத்தில், தலை முன்னே சாய்ந்தபடி தொங்கும். இந்த மூன்றையும் மாற்றிவிட்டால் கண் அதைக் கடல் என்றே படிக்கும். அதனால் எல்லாப் படங்களையும் கிடைமட்டமாக வைத்தோம். சட்டத்துக்குக் கறுப்புப் பட்டை வேண்டாம், மரத்தின் நிறம் தெரிகிற தேக்கு என்று முடிவு செய்தோம். படத்தின் சாம்பலில் ஒரு துளி வெதுவெதுப்பு, பழுப்பு என்று சொல்ல முடியாத அளவுக்கு, சேர்த்தோம். லிண்டல் உயரத்தை விட்டுக் கீழே இறக்கினோம். மாட்டிய பிறகு ஆயா வரவேற்பறையில் நின்று பார்த்துவிட்டு, “இது சமுத்திரம்தான்” என்றார். அதற்குப் பிறகு ஆட்சேபம் வரவில்லை.

எந்தக் கடல்?

வேலூர் இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 1989இல் மாவட்டம் பிரிந்தபோதும், 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தபோதும் எந்தத் துண்டுக்கும் கடல் வாய்க்கவில்லை. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் வேலூருக்கென்று ஒரு கடல் உண்டு என்பது என் எண்ணம்: பாலாறு சேரும் இடம். கர்நாடகத்தில் நந்தி மலைப்பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாக ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் பக்கம் வங்கக்கடலில் சேர்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர்; அதில் 222 தமிழ்நாட்டில். வேலூர்க்காரர்களுக்கு அது மணலாகத்தான் பழக்கம். 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் வெள்ளம் போனபோது பாலத்தில் நின்று பார்க்கக் கூட்டம் கூடியது. அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்ததோ அந்த முகத்துவாரம்தான் வரவேற்பறைப் படம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

உரிமையாளர் முதலில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் கேட்டார். வெளியூர்க்காரர்களுக்கு அடையாளம் தெரியும் என்பது அவர் வாதம். கோயில் அழகில் குறை சொல்ல யாரால் முடியும்? ஆனால் அந்தப் படம் எல்லா டிராவல்ஸ் காலண்டரிலும் இருக்கிறது. தெரிந்த படத்தைக் கண் ஒரு விநாடி பார்த்து, அடையாளம் கண்டு, நகர்ந்துவிடும். மாதக்கணக்கில் தங்குகிறவர் தினமும் பார்க்கப் போகும் சுவருக்கு அது போதாது.

கறுப்பு வெள்ளை ஏன் என்றும் அவர் கேட்டார். நம் சோழமண்டலக் கரையின் கடல் போஸ்டரில் வருகிற நீலம் இல்லை. கரையோரம் கலங்கல், வானம் பாதி நாள் வெளிறிய வெள்ளை, படகுகள் பிளாஸ்டிக் பெயிண்டில் கத்தும் நீலமும் ஆரஞ்சும். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு நிறைந்துவிட்டது. இதை வண்ணத்தில் எடுத்து நீலத்தை ஏற்றினால் பொய். ஏற்றாமல் விட்டால் சுவரில் அழுக்கு. கறுப்பு வெள்ளையில் கலங்கல் போய்விடும். மிஞ்சுவது ஒளியும் வடிவமும்: நுரையின் ஓரம், ஈர மணலின் மினுக்கு, சவுக்குத்தோப்பின் கறுப்புக் கோடு, அலை பின்வாங்கியதும் மணலில் தங்கும் கருமணல் வரிகள். நம் கடற்கரைக்கு இது அலங்காரம் இல்லை, பொருத்தம்.

வானத்துக்குச் சிவப்பு ஃபில்டர் போட்டால் கறுக்கும் என்பது பாடப்புத்தக விதி. நீல வானம் இருந்தால் சரி. கோடையில் இங்கே வானம் புழுதி வெண்மை. கறுக்க நீலமே இருக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மேகம் அடுக்கடுக்காக நிற்கும். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்தே எழுவதால், விடிவதற்கு முன்னும் விடிந்து சிறிது நேரமும்தான் வேலை. அதற்குப் பிறகு வானத்துக்கும் கடலுக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகமாகி, ஒன்றைக் காப்பாற்றினால் மற்றொன்று போய்விடும். இது புதுச் சிக்கலும் இல்லை. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் எடுத்து, தொடுவானத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். இன்று இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துக் கணினியில் சேர்ப்பதும் அதே வேலைதான்.

அரை விநாடியா, ஒரு நிமிடமா

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடல் படம் என்றால் இப்போது பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டு ஒரு நிமிடம் ஷட்டரைத் திறந்துவைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஃபில்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். பதினைந்தில் ஒரு விநாடி போதும் என்ற இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். அலையெல்லாம் கரைந்து கடல் பால் மாதிரி ஆகிவிடும். அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் அப்படிப்பட்ட ஒரு சோதனைப் பிரதியை வரவேற்பறையில் வைத்துப் பார்த்தபோது, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அதை மேகம் என்றார்கள், பனி என்றார்கள். ஒருவர் பாலைவனமா என்று கேட்டார். கடல் என்று யாரும் சொல்லவில்லை. கடலைக் கடலாக்குவது அசைவு. அதை முழுக்க அழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சாம்பல் தளம். கண்காட்சிக்கு வருகிறவர் அதற்குத் தயாராக வருகிறார். மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர் அப்படி வரவில்லை.

அதனால் வரவேற்பறைப் படத்துக்கு அரை விநாடி எக்ஸ்போஷரில் எடுத்ததைத் தேர்ந்தெடுத்தேன். முகத்துவாரத்தின் மணல்திட்டு மேல் ஏறிய அலை திரும்பும் நேரம். அரை விநாடியில் நுரை தனித்தனிக் குமிழாகத் தெரியாது, கரைந்தும் போகாது. பின்வாங்கும் தண்ணீர் மணல் மேல் நூல் நூலாகக் கோடு இழுக்கும். இடப்பக்கம் அந்தக் கோடுகள் நெருக்கமாக, வலப்பக்கம் ஆறு உள்ளே வரும் இடத்தில் கலைந்து வளைந்து போகின்றன. நடுவே ஒரு சிறு கட்டை. கோடுகள் அதைச் சுற்றிப் பிரிந்து மறுபடி சேர்கின்றன. எட்ட நின்று பார்த்தால் கடல். கிட்டப் போனால் அந்தக் கட்டையைச் சுற்றிய சுழிப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சுவர்ப் படத்துக்கு இந்த இரண்டு தூரமும் வேண்டும்.

தொடுவானத்தின் உயரம்

கரையில் நின்றாலும் உட்கார்ந்தாலும் மாடியிலிருந்து பார்த்தாலும் தொடுவானம் நம் கண்மட்டத்தில்தான் இருக்கும். சுவரில் மாட்டும் கடலுக்கும் இதே விதிதான் என்று நான் அழுத்திச் சொல்வேன். படத்தின் நடுவையோ சட்டத்தின் மேல்விளிம்பையோ பார்த்து ஆணி அடிப்பார்கள். கடல் படத்தில் பார்க்க வேண்டியது தொடுவானக் கோடு. அதைக் கண்ணுக்கு மேலே ஏற்றினால் தண்ணீர் தலைமேல் சாய்கிற மாதிரி ஒரு சங்கடம் வரும். ஏன் என்று சொல்லத் தெரியாமலே அந்தச் சுவரைத் தவிர்ப்பார்கள்.

வரவேற்பறையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி. படம் 48க்கு 32 அங்குலம். தொடுவானம் மேல்விளிம்பிலிருந்து 11 அங்குலத்தில். கணக்குப் போட்டால் கீழ்விளிம்பு தரையிலிருந்து 27 அங்குலத்தில் வரும். துளை போட வந்த எலக்ட்ரீஷியன் அளவு தப்பு என்றே நினைத்தார். இவ்வளவு கீழே யாரும் மாட்டச் சொன்னதில்லையாம். உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். பார்த்ததும் அவரே பென்சிலால் குறி போட்டார். பெட்டி, டிராலி இடிக்காமலிருக்க அடியில் சுவரோடு ஒரு மரப்பலகை அடித்துவிட்டோம்.

நடைவழி வேறு கதை. அங்கே நடந்து போகிறார்கள். ஒடுக்கமான இடம், பின்னால் போய்ப் பார்க்க வழியில்லை. அதனால் 18க்கு 12 அங்குலம் போதும். தொடுவானம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, எல்லாப் படத்திலும் ஒரே மட்டத்தில். சட்டங்கள் மேலும் கீழுமாக நிற்கின்றன, ஆனால் கடல்கோடு நடைவழி முழுக்க ஒன்றாக ஓடுகிறது. இதற்கு ரசமட்டம் வைத்து நூல் பிடிக்க வேண்டும். 36 அங்குல அகலப் படத்தில் ஒரு டிகிரி சாய்ந்தால் இரண்டு முனைக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வரும். மலைப் படம் சாய்ந்தால் யாருக்கும் தெரியாது. கடல் சாய்ந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும்.

கழற்றிய படம்

நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். கடற்கரை என்றாலே போனவரை நினைத்து ஏங்கும் இடம் என்று நம் மரபு எப்போதோ கண்டுவைத்திருக்கிறது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் கடல் படம் மாட்டும்போது இது வெறும் இலக்கண விஷயமாக இருக்காது. தனிப் படகு, வெறுங்கரை, விரிந்த வானம் என்று போகும் படங்கள் வீட்டு ஹாலில் அமைதி. நோயாளியை அட்மிட் செய்துவிட்டு இரவு தனியாகத் திரும்புகிறவருக்கு அதே படம் வேறு.

இரண்டாம் மாடியில் ஒரு அறை வாசலுக்கு எதிரே, கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் படம் இருந்தது. உரிமையாளருக்கு மிகவும் பிடித்து அவரே தேர்ந்தெடுத்தது. படமாகப் பார்த்தால் தொகுப்பிலேயே பலமானது; படகின் வயிற்றில் பெயிண்ட் உரிந்த அடுக்குகள் ஒவ்வொன்றும் தனிச் சாம்பலாகத் தெரியும். அந்த அறையில் கணவரின் அறுவை சிகிச்சைக்காக வந்து தங்கியிருந்த அம்மா, அதை எடுத்துவிட முடியுமா என்று ரூம் பாயிடம் கேட்டிருக்கிறார். கதவைத் திறந்தால் ஆள் இல்லாத படகு. அன்றே கழற்றினோம். அதே அளவில், பழவேற்காட்டில் வலை இழுக்கும் கைகளின் படம் ஒன்றை மாட்டினோம். முகம் இல்லை, கயிறும் கைகளும் அலையும் மட்டும். அது அங்கேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு நடைவழி முழுக்க ஒரு முறை நடந்து இதே கண்ணோடு பார்த்தோம். புயல் மேகம் கவிந்த ஒன்றை மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்றினோம். கரைக்குத் திரும்பும் படகுகள், வலை உலர்த்தும் இடம், நண்டு துளைகள் நிறைந்த ஈர மணல் ஆகியவை அறை வாசல்களுக்கு வந்தன. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் படகுப் படத்தைக் காட்டி இது பூரியா என்று கேட்டதாக ரிசப்ஷனில் சொன்னார்கள். சதுரங்கப்பட்டினம் என்று சொன்னதும், இதுவும் அதே கடல்தானே என்றாராம்.

பல்லி, ஃபினாயில், மே மாதம்

பொருள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரவேற்பறைப் படம் பருத்திக் காகிதத்தில், மவுண்ட் போர்டு வைத்துக் கண்ணாடிக்குள். மவுண்ட் இல்லாமல் காகிதம் கண்ணாடியைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நடைவழியில் கண்ணாடி வேண்டாம். எதிர்ச் சுவர் டியூப்லைட் அப்படியே அதில் தெரியும். அங்கே மேட் லேமினேஷன் செய்து ஏ.சி.பி. ஷீட்டில், அதாவது இருபுறமும் அலுமினியத் தகடு போர்த்திய பலகையில், ஒட்டினோம். துடைக்க வருகிறவர்கள் ஃபினாயில் நனைத்த துணியால்தான் துடைப்பார்கள். துடைக்காதே என்று சொல்லிப் பயனில்லை; துடைத்தாலும் தாங்குகிற மாதிரி செய்ய வேண்டும். மேட் காகிதத்தில் கறுப்பு அவ்வளவு ஆழமாக விழாது என்பதால், நிழல் பகுதிகளைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி அச்செடுத்தேன்.

சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்னால் ரப்பர் குமிழ் வைத்துச் சுவரிலிருந்து சிறு இடைவெளி விட்டிருக்கிறோம். உப்புப் பூக்கிற சுவரில் ஒட்டி மாட்டினால் ஈரம் ஏறும். இடைவெளி அதிகமானால் பல்லி குடியேறும். ராமபாணப் பூச்சி உள்ளே போகாமல் பின்பக்கம் முழுக்கக் காகித டேப். ஸ்க்ரூ இல்லாமல் டபுள் சைடு டேப்பில் ஒட்டித் தரச் சிலர் கேட்பார்கள். வேலூர் கோடை 40 டிகிரியைத் தாண்டும்போது மொட்டைமாடிக்குக் கீழே உள்ள தளத்தில் அந்தப் பசை இளகிவிடும், படம் நள்ளிரவில் விழும்.

பொது அடுப்படியிலும் ஒரு படம் வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். கடுகெண்ணெயில் மீன் பொரியும் இடத்தில் எந்தக் காகிதமும் நிற்காது என்று சொல்லி மறுத்துவிட்டேன். அந்தச் சுவருக்கு டைல்ஸ்தான் சரி.

மூன்றாம் மாடி இன்னும் பாக்கி. அங்கே தளத்திலிருந்து நீர் கசிந்து ஒரு சுவர் பொரிந்திருக்கிறது. முதலில் மொட்டைமாடிக்குத் தட்டோடு பதித்து, சுவரைச் சுரண்டிப் பூசி, ஒரு மழைக்காலம் தாண்டட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கான படங்கள் பழவேற்காட்டு ஏரியிலும் தரங்கம்பாடியிலும் எடுத்தவை. தேர்ந்தெடுத்து வைத்தாயிற்று, அளவும் குறித்தாயிற்று. சுவர் காய்ந்ததும் சோதனைப் பிரதிகளோடு போவேன்.